கலங்கலாய் விழுந்த பாதி

"கதவு."

ஐஸ் அக்காவின் வாயில் ஒரு நாளில் அதிகம் வரும் சொல் இதுதான். கம்பளித் தொப்பியோடு குளிரறையில் நிற்பார். இரண்டு கைகளிலும் புரதக் குழாய்கள். யாரோ திறந்துவிட்டுப் போன கதவைக் குதிகாலால் உதைத்துச் சாத்துவார். "நாலு டிகிரிக்கு மேல போனா என் புரதம் செத்துப்போகும். உங்க வீட்டு ஃப்ரிட்ஜையும் இப்படித்தான் திறந்துபோடுவீங்களா?"

எங்கள் ஆய்வுக்கூடத்தில் செல்களிலிருந்து புரதங்களைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். பைப்பெட்டை இரவல் கேட்டால் முறைப்பார். சொந்தத் தங்கை போன் செய்தாலும், "மெஷின் நிக்கட்டும், கூப்பிடுறேன்டி" என்று வைத்துவிடுவார்.

போன வருடம் ஜி-புரதம். செல்லின் மேலுறையில் இருக்கும் ரிசெப்டருக்கு வரும் செய்தியை உள்ளே கடத்துகிற புரதம். ஏழு மாத உழைப்புக்குப் பிறகு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அதன் படம் விழுந்தது. ஒரு பாதி தெளிவு, மறுபாதி கலங்கல். பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

"சாம்பிள் சரியில்லம்மா. ஆடாம பிடிச்சுக் கட்டுங்க."

"ஆடுறதுதான் சார் அதோட வேலையே. வெளியில ஹார்மோன் ஒட்டினதும் ரிசெப்டர் வளையுது. அந்த வளைவு பட்டதும் இது வாயைத் திறந்து, உள்ள வச்சிருக்கிற பழைய ஜிடிபி மூலக்கூறைத் துப்புது. அப்புறம்தான் செய்தி போகும். திறந்து மூடுற வாய் படத்துல எப்படி சார் தெளிவா நிக்கும்?"

"படம் நல்லா இருந்தாத்தாம்மா கட்டுரை வரும்."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இரண்டு பாதிகளும் விலகாதபடி பிணைத்து, ஐந்து மாதம். பக்கத்து மேசை என்பதால் முனகல் முழுக்க என் காதில்தான். "கட்டிப்போடணுமாம். இவரைக் கட்டிப்போட்டு க்ளாஸ் எடுக்கச் சொல்லணும்."

இந்த முறை படம் கண்ணாடிபோல் வந்தது. பேராசிரியர் அதைப் பெரிதாக அச்சிட்டு நடைக்கூடத்தில் மாட்டி, வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினார்.

அக்கா கட்டிப்போட்ட அதே புரதத்தை, செய்தி போனால் ஒளிரும் செல்களுக்குள் வைத்து ஹார்மோன் விட்டார். மூன்று முறை செய்தார். ஒரு செல்கூட மினுங்கவில்லை. வரைபடத்தில் தரையோடு ஒரு நேர்கோடு.

பேராசிரியர் அந்த வரைபடத் தாளை வாங்கிப் பார்த்தார். "அந்தப் பழைய படத்தையே கட்டுரையில போட்டுடலாமா?"

"ஒரு வருஷம் சார்" என்றார் அக்கா. தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போனார். அந்த அழகான படத்தின் நட்டநடுவில் அதை வைத்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.