மருந்து போட்ட தண்ணீர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகும் சாலையை ஒட்டிய ஒரு விடுதி வளாகத்தில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். மலத்தண்ணீர் என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம், அதனால் கழிவுநீர். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது. காலையில் சல்லடையில் சிக்கிக் கிடக்கும் முடிக்கற்றையையும் நாப்கினையும் ஊறிப்போன சோற்றையும் பார்த்துக்கொண்டேதான் மாதிரி எடுக்கும் பாட்டிலைத் தண்ணீரில் விடுகிறேன். இத்தனை வருடத்தில் மூக்கு பழகிவிட்டது. வயிறு பழகவில்லை. மதியத்தில் மோர் சோற்றைத் தவிர வேறு எதுவும் எனக்கு உள்ளே இறங்குவதில்லை.

சாக்கடையைவிடக் கேவலமான காட்சி மைக்ரோஸ்கோப்பில்தான் இருக்கிறது. தண்ணீரைச் சுழற்றி, அடியில் தங்கும் மண்டியை எடுத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தால் ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணி தெரியும். முட்டை வடிவத்தில், பழுப்பு மஞ்சளில், ஓட்டுக்குள் சுருண்டு கிடக்கும். ஒருவருடைய குடலிலிருந்து இறங்கி, இன்னொருவருடைய வாய்க்குள் போவதற்காகக் காத்திருக்கிற ஜென்மம். பார்த்துவிட்டு எழுந்தால் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவுவேன். கழுவிய பிறகும் கையை முகத்தருகே கொண்டுபோக மனம் வராது.

நாங்கள் போடுகிற குளோரின் அந்த ஓட்டை லேசில் துளைக்காது. மண்டியைப் படியவிட்டு, தெளிந்த நீரை மணல் வழியாக மெதுவாக இறக்கினால்தான் பெரும்பாலானவை மணலிலேயே சிக்கும். ஆனால் மணல் அடைத்துக்கொள்ளும். தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி அதைக் கழுவ வேண்டும். அப்போது மேலே பொங்கி வரும் கறுப்புக் குழம்பின் நாற்றத்தைத் தாங்க ஆள் கிடையாது. அதனால் எங்கள் நிலையத்தில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மணல் வடிகட்டியை மூடிவிட்டு, மணலைத் தொடாமல் தண்ணீரை நேரே வெளியே விடும் பைபாஸ் வால்வைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்கு கொட்டுவது. வெளியே போகிற வாய்க்கால் நீச்சல் குளம் மாதிரி மணக்கும். சோதனைக்கு வருகிறவர்களும் முகர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

நான் சூப்பர்வைசரிடம் சொன்னேன். மைக்ரோஸ்கோப்பிலும் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "குளோரின் வாசன ஜாஸ்தி வருதாம்மா? அப்ப இன்னா பொழைக்கப் போவுது?" என்றார். திரும்பத் திரும்பச் சொன்னேன். திரும்பத் திரும்ப அதே பதில்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு வயிறு கெட்டது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை வாடை. எண்ணெய் மிதக்கிற மாதிரி வெளிக்குப் போனாள். சட்டை தோளிலிருந்து நழுவியது. பரிசோதனையில் ஜியார்டியா என்று வந்தது. வேலையிடத்தில் அன்றாடம் பார்க்கிற சனியன் என் வீட்டுக்குள், என் பிள்ளையின் வயிற்றுக்குள். மருந்து கொடுத்ததும் நின்றது. சில வாரத்தில் மறுபடி வந்தது. மறுபடி மருந்து. தண்ணீரைக் கொதிக்க வைத்தேன், பானிபூரிக் கடைப் பக்கம் போகவிடவில்லை, பள்ளிக்கூடக் குழாயைத் திட்டித் தீர்த்தேன். என்னுடைய கை வழியாகத்தான் வந்ததோ என்று பயந்து, அவளைத் தூக்குவதைக்கூட நிறுத்தியிருந்தேன். அவள் மட்டும் கரைந்துகொண்டே இருந்தாள்.

வேலை முடிந்து பஸ் ஏறுகிற இடத்தில் ஒரு பெண் கீரை விற்பாள். வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கொத்தமல்லியும் போட்டிருந்தாள். பக்கத்துக் கரும்புக்கு வருகிற டிராக்டர்கள் கிளப்பும் புழுதியிலும் அவளுடைய கொத்து மட்டும் பளிச்சென்று ஈரம் சொட்டும். நான் வாடிக்கை. ரசத்தை இறக்கிவைத்த பிறகு பச்சையாகக் கிள்ளிப் போட்டால்தான் என் மகள் சாப்பிடுவாள்.

மகளுக்கு முடியவில்லை என்று ஒருநாள் அந்தக் கீரைக்காரியிடம் சொன்னேன். மறுநாள் எனக்கென்றே ஒரு பெரிய கொத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

"கொயந்தைக்குன்னு நல்லா அலசினு வந்தேன்க்கா."

எங்கே அலசினாய் என்று கேட்டேன்.

"உங்க வாய்க்கால்லதாங்க. நீங்கல்லாம் மருந்து போட்டு வுடற தண்ணியாச்சே. கெணத்துத் தண்ணியக் காட்டியும் சுத்தமாத்தான இருக்கும்?"

கொத்தை முகர்ந்தேன். மல்லி வாசத்துக்கு மேலே குளோரின் வாசம். இத்தனை நாள் அது எனக்குத் தெரியவில்லை, நாள் முழுக்க அதே வாசத்தில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தத் தண்ணீரில் இனி எதையும் அலசாதே, உன் வீட்டிலும் பச்சையாகத் தின்னாதே என்று சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. அவளுடைய சின்னவனுக்கும் நாள்பட்ட வயிற்றுப்போக்காம்.

பஸ்ஸை விட்டுவிட்டு நிலையத்துக்குத் திரும்பி நடந்தேன். சூப்பர்வைசர் கிளம்பிக்கொண்டிருந்தார். கொத்தை அவருடைய சாப்பாட்டுப் பையின் மேல் வைத்தேன்.

"வூட்டுக்கு எடுத்துனு போங்க சார். நம்ம தண்ணியில அலசனது. பசங்களுக்குப் பச்சையா தூவிக் குடுங்க."

அவர் அதைத் தொடவில்லை. பையை வெடுக்கென்று அதன் அடியிலிருந்து உருவிக்கொண்டார். கொத்து தரையில் விழுந்தது. ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு, பைபாஸை மூடிவிட்டு மணல் வடிகட்டியைத் திறக்கச் சொன்னார்.