தேர்வுக்கு முன்னால் விழுந்த முட்டை

என் புருஷன் ஹோராசியோ லிஃப்ட் மெக்கானிக். புவனோஸ் ஐரஸின் பழைய கட்டடங்களில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை முப்பது வருஷமாக வெளியே இழுத்தவர். மாட்டிக்கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? கதவு திறக்கும்வரை சொந்தக் கதையெல்லாம் கொட்டுவார்கள். கேட்டுக் கேட்டு, நாற்பத்தைந்து வயதில் மனுஷனுக்கு உளவியல் படிக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. பல்வலிக்குப் போவதுபோல மனசுக்கும் ஆள் பார்க்கப் போகிற ஊர் இது. அதனால் யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

முதல் வருஷம் கனவுப் பைத்தியம்.

"நேத்து என்ன கனவு கண்ட நெலி?"

"நீ வாய மூடிட்டு இருக்கிற மாதிரி கண்டேன், கெழவா. நல்லா இருந்துச்சு."

அப்புறம் ஞாபகசக்தி. நான் எழுதி வைத்த மளிகைச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, மனப்பாடமாகச் சொல் என்று என் உயிரை எடுத்தார். கடைசியில் கூட்டத்தின் உளவியல். லிஃப்டில் ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றால் மற்றவர்களும் ஏன் திரும்புகிறார்கள் என்பதில் விழுந்தவர், எழவேயில்லை.

எழுத்தில் புலிதான். வாய்மொழித் தேர்வில் மூன்று ஆசிரியர்கள் எதிரே உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைசிப் பாடத்தில் இரண்டு முறை தோற்றார்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா விட்டுடுவேன் நெலி. புத்தகத்தையெல்லாம் யாருக்காவது குடுத்துடு."

எட்டு வருஷ உழைப்பு. புத்தக அலமாரியைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்தேன்.

கடைசித் தேர்வில் தேறி வெளியே வருகிற ஆளை முட்டையாலும் மாவாலும் அடித்து நாறடித்தால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திருப்தி. நானும் நாத்தனார் ஸுல்மாவும் அவர் கூட வேலை செய்கிறவர்கள் சிலரும் மூன்று டஜன் முட்டையோடும் ஒரு பை மாவோடும் கல்லூரி வாசலில் நின்றோம். பதினோரு மணிக்கு அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். பயந்தாலும் அவர் அப்படித்தான் சிரிப்பார். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவேயில்லை.

முதல் முட்டை என்னுடையது. சரியாக நெற்றியில். பிறகு ஸுல்மா, அவர் கூட வேலை செய்கிறவர்கள், பேருந்துக்கு நின்ற யாரோ ஒரு அம்மாள்கூட எங்கள் முட்டை அட்டையிலிருந்து எடுத்து எறிந்தார்.

"ஐயோ, நிறுத்துங்க. என்னை இன்னும் கூப்பிடவே இல்ல. தண்ணி குடிக்க வந்தேன்."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மாவு கொட்டக் கொட்டப் போனார். நான் படியில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

"சனியனே, உனக்கென்ன அவ்வளவு அவசரம்?"

நாற்பது நிமிஷம் கழித்து வந்தார். புருவத்தில் ஓடு ஒட்டியிருந்தது.

"என்னய்யா இது கோலம்னு கேட்டாங்க. கெட்டுப்போன லிஃப்ட பத்திச் சொல்ற மாதிரி ஆரம்பிச்சேன். ஒருத்தர் எறிஞ்சா மத்தவங்க ஏன் எறியறாங்க, வழியில போற அம்மா ஏன் சேர்ந்துக்கிட்டாங்கன்னு. நிறுத்தவே முடியல. பத்துக்கு ஒம்போது மார்க்கு நெலி."

ஸுல்மா அவரைக் கட்டிக்கொண்டு கத்தினாள். நான் அவர் புருவத்திலிருந்த ஓட்டைப் பிய்த்து எடுத்தேன்.

"ஒரே ஒரு கேள்விதான் மடக்குச்சு. எல்லாரும் முதல் ஆளப் பார்த்து எறிஞ்சாங்க சரி, அந்த முதல் ஆள் யாரப் பார்த்து எறிஞ்சாங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"அது என் பொண்டாட்டி, அவ யாரையும் பார்க்கல. நான் தேறிடுவேன்னு அவளுக்கு முதல்லயே தெரியும்னேன்."

நடுத்தெருவில் விக்கி விக்கி அழுதேன்.