லண்டன் சீடியும் சிங்கப்பூர் சீடியும்

ஒரே பழைய பாட்டுத் தொகுப்பின் இரண்டு சீடிகள் என்னிடம் இருந்தன. லண்டன் சீடியில் இரைச்சல் உண்டு, ஆனால் பாடகியின் மூச்சுக்கூடக் கேட்கும். சிங்கப்பூர் சீடியில் இரைச்சலைத் துடைத்தெடுத்திருந்தார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வித்தியாசம் சொல்வதுதான் என் பெருமை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் முழுக்க என் காதுக்கு அப்படி ஒரு பேர்.

அதனால்தான் மேல்மாடி அன்ரி என்னிடம் வந்தார். ராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோன அவர் மகனைப் பற்றி மாதக்கணக்காகத் தகவல் இல்லை. இப்போது அவர் வீட்டு ஆன்சரிங் மெசினில் யாரோ "அம்மா" என்று ஒரே ஒரு தரம் சொன்னது பதிவாகியிருந்தது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

"ஒருக்கா அவன் மாதிரிக் கிடக்கு, ஒருக்கா இல்லை மாதிரிக் கிடக்கு. நீ கேட்டுச் சொல்லு தம்பி."

ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். "ஓம் அன்ரி, அவன்தான். சந்தேகமே இல்லை" என்றேன். அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அடுத்த ஞாயிறு தங்கை விளையாட்டாக என் கண்ணைக் கட்டிவிட்டு ஒரே பாட்டை இரண்டு தரம் போட்டாள். முதலாவது லண்டன், உயிர் இருக்கிறது. இரண்டாவது சிங்கப்பூர், வறண்டு கிடக்கிறது என்று அடித்துச் சொன்னேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் சீடியை மாத்தவே இல்லை அண்ணா! ரெண்டு தரமும் சிங்கப்பூர்தான்."

எனக்குக் கண்கட்டை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை. அப்படியானால் அந்த "அம்மா" யாருடைய குரல்?

அன்ரியிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவேயில்லை. மேலே தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவர் ஓடுகிற காலடி என் தலைக்கு மேல் கேட்கும். அந்தச் சத்தத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.