பி.பி. மாத்திரை மட்டும்தான்

புது மூட்டு வைத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு எல்லாமே நாறியது. கட்டுக்குள் புழுங்கிய முழங்கால், படுத்தபடியே போகவேண்டிய பெட்பேன், பார்க்க வருகிறவர்கள் தூக்கிவரும் ரொட்டி. எல்லாவற்றையும்விட அதிகமாக நான்.

முப்பது வருடம் தங்கச் சுரங்கத்தில் ஏறி இறங்கித் தேய்ந்த முட்டி. சுரங்கத்தை மூடிய சில மாதங்களில், அதே இரண்டாயிரத்து ஒன்றில், பெங்களூரில் அதை மாற்றி மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். தினமும் மடக்கிப் பழக வேண்டும், ஒன்றரை மாதத்தில் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடங்காவிட்டால் பிறகு கால் வெறும் கட்டைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானோ போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதேன். இரவில் தூக்கமில்லை. மனைவி காலைத் தொட வந்தாலே எரிந்து விழுந்தேன்.

"இன்னாண்ணா, பாறைக்கு நடுவுல நின்ன ஆளு, ஒரு காலை மடக்க அழுவுறியே" என்று கூட வேலை பார்த்தவன் ஒருவன் வாயில் ரொட்டியை அடக்கிக்கொண்டே சிரித்தான். அந்த வாயைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அழுகையின் காரணம் எனக்கு மட்டும் தெரியும். பல வருடம் முன்பு கீழே பாறை வெடித்து, பக்கத்தில் நின்றவர் என் கண்ணெதிரே நசுங்கிப் போனார். அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லி ரயிலேறி, பெங்களூரில் மனநல மருத்துவரைப் பார்த்து, அன்றிலிருந்து மாத்திரையில்தான் வண்டி ஓடியது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. தலை சரியில்லை என்று காதில் விழுந்தால் சுரங்கத்தில் ஆளை சர்ஃபேஸுக்கு, தரைக்கு மேல் எடுபிடி வேலைக்கு, அனுப்பிவிடுவார்கள். மேலே கூட்டிப் பெருக்குகிறவனை லைனே கேலி பேசும். அதனால் எங்களில் யாரும் அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை.

ஆபரேஷனுக்கு முன் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, துணைக்கு வந்த அதே ரொட்டிக்காரன் பக்கத்தில் நின்றான். "பி.பி. மாத்திரை மட்டும்தான்" என்றேன். மனசுக்கான மாத்திரை வீட்டுப் பரணில், என் பழைய ஹெல்மெட்டுக்குள் கிடந்தது. திரும்பி வந்த பிறகு என்னால் ஏறி எடுக்க முடியவில்லை. எடுத்துத் தரச் சொல்லி மனைவியைக் கேட்கவும் வாய் வரவில்லை, மாத்திரை அப்படியே நின்றுபோனது.

ஐந்தாம் வாரம் காலைப் பிடித்து மடக்க வந்தவளை நல்ல காலால் உதைத்துவிட்டேன். சுவரில் சாய்ந்து கையைத் தேய்த்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று ஆகிவிட்டது. பரணைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

ஸ்டூல் போட்டு ஏறி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள்.

"யாருக்குங்க பயந்துகினு ஒளிச்சி வெச்சீங்க? சர்ஃபேஸுக்கு அனுப்ப அங்க இப்ப மைன் இருக்குதா?"

அன்றே வண்டி வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். முன்பே சொல்லியிருந்தால் அந்த மாத்திரையை நிறுத்தவே விட்டிருக்க மாட்டோம் என்றார் அவர். மறுபடி தொடங்கிய மாத்திரை வேலை செய்ய மூன்று வாரம் பிடித்தது. முட்டிக்கு மீதியிருந்தது ஒரு வாரம்.

கால் இன்றும் பாதிதான் மடங்கும். ரயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தாண்டிப் போகிறவர்கள், சுரங்கத்தில் அடிபட்டதா என்று மரியாதையோடு கேட்கிறார்கள். ஆமாம் என்றுதான் சொல்கிறேன். சொன்ன வாயை உடனே கழுவ வேண்டும் போலிருக்கிறது.