சுமைதாங்கியில் பதித்த குமிழ்கள்

ஆலங்காயத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் இளவழகன், ஜவ்வாது மலைப் பூங்காவில் ஸ்கேட்டிங் பலகையில் வருபவர்கள் ஏறிச் சறுக்காதபடி கல் பெஞ்சுகளில் இரும்புக் குமிழ்கள் பதித்தார். மீந்த குமிழ்களை, யாரும் சொல்லாமலே, பூங்கா வாசலில் நின்ற பழைய சுமைதாங்கிக் கல்லிலும் பதித்துவிட்டார். தோள் உயரக் கல்லில் யார் சறுக்கப் போகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

அன்று மாலை மலைக்காரப் பெண் மாதம்மாள், தலையில் சுமந்து வந்த புளிச் சாக்கை அந்தக் கல்லில் இறக்கினார். குமிழில் மாட்டிச் சாக்கு கிழிந்தது. புளியெல்லாம் மண்ணில் கொட்டியது.

"இன்னாங்க இது? யாரு வச்சாங்க?"

"தெரியலீங்க" என்றார் இளவழகன், டிரில்லிங் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டே.

மாதம்மாள் அந்த மெஷினைப் பார்த்தார். குனிந்து புளியைப் பொறுக்கினார். இளவழகனும் பொறுக்கினார், தலை நிமிராமல்.

மாதம்மாள் போனதும் இளவழகன் சுமைதாங்கியில் இருந்த குமிழ்களைப் பிடுங்கி, துளைகளைச் சிமெண்டால் அடைத்தார். இப்போது மலையில் வேலை என்று கூப்பிட்டால், வேறு ஆளை அனுப்புகிறார்.