நூல் அறுத்த பல்

பல் உடம்பில் சேராது என்று எனக்குப் போனில் சொன்னவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். வரிக்கு வரி ஒரு 'மேடம்' போட்டார். நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் எங்களுக்கெல்லாம் மருத்துவக் காப்பீடு எடுத்துத் தந்திருக்கிறார்கள். அதில் அம்மாவையும் சேர்த்திருந்தேன். கண்ணுக்கு உண்டு, மூட்டுக்கு உண்டு, பித்தப்பைக் கல்லுக்குக்கூட உண்டு. பல்லுக்குக் கிடையாதாம்.

"அது அழகு சம்பந்தப்பட்டது மேடம்."

"கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு சோறு திங்க முடியாம உக்காந்திருக்கிறவங்களுக்கு அழகா சார் குறைச்சல்?"

"விபத்துல உடைஞ்சிருந்தா பரிசீலிப்போம் மேடம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "அப்ப நான் பஸ் ஸ்டாண்டு வாசல்ல போயி செத்த நேரம் விழுந்துட்டு வாரேன்னு சொல்லுட்டி."

அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அம்மா நைட்டி தைக்கிறவள். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதுதான் வேலை. கட்டிங் கடையில் துணியை வெட்டிக் கட்டாகக் கட்டி ஆட்டோவில் அனுப்புவார்கள். தைத்து முடித்ததும் அதே ஆட்டோவில் திரும்பப் போகும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அம்மாவுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று உடைந்தது. எதைக் கடித்து என்று நினைக்கிறீர்கள்? இட்லி. பாதிப் பல் இட்லியோடு வந்தது. மீதி உள்ளே விரிசல் விட்டு, தண்ணீர் பட்டால்கூட மண்டை வரைக்கும் இழுத்தது.

சிரிப்புக்காகவே எங்கள் தெருவில் அம்மாவைத் தேடி வருவார்கள். கட்டிங் கடை அண்ணாச்சி மூக்கால் பேசுவதை அவள் அப்படியே செய்து காட்டிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். பல் உடைந்த பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நாளில் அண்ணாச்சியைப் பேசிக் காட்டுவதையே விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"பிடுங்கிப் போட்டுருவோம். பெரியாஸ்பத்திரியில காசு கெடையாது. வலியும் போச்சு, செலவும் போச்சு" என்பது அம்மாவின் கட்சி.

"முன்பல்லும்மா! நாப்பத்தி நாலு வயசுல பொக்கைவாயோட திரியப் போறியா?"

"என்னிய யாரு பொண்ணு பாக்க வாரா?"

அப்பா மில்லுக்குப் போகிற அவசரத்தில் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதை எனக்குக் கிடைத்த சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பல்லைக் காப்பாற்றிவிடுவது என்று முடிவு கட்டினேன்.

முதலில் போனது எங்கள் ஊரிலேயே புதிதாகத் திறந்திருந்த ஒரு கிளினிக்குக்கு. ஏசி, மீன்தொட்டி, சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. டிவியில் பற்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்று மின்னின. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர் சிகிச்சை செய்து மேலே கேப் போட வேண்டும் என்றார்கள். சரி. பிறகு ஒரு பெண் வந்து ஃப்ரிட்ஜ் விற்கிற மாதிரி மூன்று வகைக் கேப்பை மேஜையில் வைத்தாள். இதற்கு ஐந்து வருடம் வாரண்டி, இதற்குப் பத்து, இதற்குப் பதினைந்து.

"எனக்கே அம்புட்டு வருசம் வாரண்டி இருக்கான்னு தெரியலியேம்மா" என்றாள் அம்மா.

இருப்பதில் குறைந்த கேப்புக்கே மொத்தச் செலவு என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. கூடப் படித்த ஒருத்தி போன வருடம் இதே வேலையை இதில் பாதிக்குச் செய்துகொண்டிருந்தாள். கேட்டேன். "ரேட்டெல்லாம் ரிவைஸ் ஆயிருச்சு மேடம்" என்றாள் அந்தப் பெண், மழை வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

அம்மா எந்த விலையையும் நைட்டியில்தான் பார்ப்பாள். சிலிண்டர் இத்தனை நைட்டி, என் பஸ் பாஸ் இத்தனை நைட்டி. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏட்டி, தீவாளிக்கு நான் தைக்கப்போற நைட்டி பூராவும் இந்த ஒத்தப் பல்லுக்குள்ள போயிரும் போலயே."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் பல் படம் போட்ட போர்டு எதையும் விடவில்லை. எல்லா நம்பருக்கும் போன் போட்டேன். ஒருவர்கூட விலை சொல்லவில்லை. "நேர்ல வாங்க, பாத்துட்டுச் சொல்றோம்." தங்கத்துக்குக் கடை வாசலில் விலை எழுதிப் போடுகிறார்கள். தக்காளிக்கு அட்டையில் எழுதிச் சொருகுகிறார்கள். பல்லுக்கு மட்டும் வாயைத் திறந்த பிறகுதான் விலை! வலியில் வாயைத் திறந்து படுத்துவிட்டவள் எழுந்து பேரம் பேசவா போகிறாள்?

என் அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம். அங்கே ஒரு பால்கோவா கடைக்கு மேலே மாடியில் சின்ன கிளினிக் ஒன்று இருப்பதைக் கடைசியாகத்தான் பார்த்தேன். கீழே சர்க்கரை, மேலே சொத்தை. நல்ல ஏற்பாடு என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மாவை ஏற்றினேன். டாக்டர் என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். கணக்கைச் சொன்னார். முதல் இடத்தைவிடக் குறைவுதான். குறைவாக இருந்தும் கூடுதல்தான். விடாமல் கேட்டேன், ஏன் இப்படி ஏறுகிறது என்று.

அவர் கோபப்படவில்லை. கேப் மதுரை லேபிலிருந்து வருகிறது, அவர்கள் கூட்டிவிட்டார்கள். மருந்து வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதுவும் கூடிவிட்டது. அம்மா படுத்திருக்கிற நாற்காலிக்கே இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். "எனக்கு வர்றதே கூடித்தாங்க வருது. வேணும்னா இப்ப வேரை முடிச்சு டெம்பரரி கேப் போட்டுர்றேன். நிஜக் கேப்பை நீங்க முடியும்போது போட்டுக்கலாம்."

திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைப்பார் என்று படி ஏறி வந்தவள் நான். இவரைத் திட்ட முடியவில்லை. அதனால் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. இறக்கி வைக்க இடம் இல்லாத சுமை மாதிரி இன்னும் கனத்தது.

டாக்டர் அம்மாவிடம் கேட்டார்: "நகம் கடிப்பீங்களாம்மா?"

"இல்ல டாக்டரம்மா."

"வெத்தலை பாக்கு? ஐஸ் கட்டி? முறுக்கு?"

"முறுக்குக்கு ஆசதான். இனிமே தொடமாட்டேன்."

வேரை முடித்து டெம்பரரி கேப்பை ஒட்டிவிட்டு, முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் அம்மா ஜன்னல் கண்ணாடியிலேயே பல்லைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வழியில் மம்சாபுரத்தில் ஏறிய ஆச்சி ஒருத்தி, "என்ன தாயி, தானா சிரிச்சுக்கிடுத?" என்று கேட்டதற்கு, அம்மா கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் சிரித்தாள்.

அந்த வாரம் முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா மெஷின் முன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏட்டி, பல்லக் காணோம்."

"முழுங்கிட்டியா?"

"இல்லட்டி. வாசல்ல ஆட்டோக்காரன் ஹாரன அடிச்சுக்கிட்டே நிக்கான். கடேசிப் பீஸு. நூலு நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. கை தன்னால வாய்க்குப் போயிருச்சு. துணிக்கட்டு போன பொறவு தண்ணி குடிக்கையிலதான் நாக்குல ஓட்ட தட்டுப்பட்டுச்சு."

நான் கத்தினேன். "டாக்டர் அவ்வளவு கேட்டாங்களேம்மா! நகமா, பாக்கான்னு!"

"நகத்தக் கேட்டாக, பாக்கக் கேட்டாக. நூல ஆரு கேட்டா? நான் என்ன ஆசைப்பட்டா கடிக்கேன்? அது வேலைட்டி."

வேலைதான். கத்தரியால் வெட்டினால் நூல் கொஞ்சமாவது நிற்கும். ஒட்ட வெட்டப் போனால் துணியில் ஓட்டை விழும். பிசிறு நின்றால் பீஸ் திரும்பி வரும். ஓட்டை விழுந்தால் துணிக்காசு போகும். பல்லால் அறுத்தால் துணியோடு துணியாக நூல் அறும், ஒரு நொடியும் ஆகாது. பள்ளிக்கூடம் போகும்போதிலிருந்து அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். டாக்டர் கேட்டபோது பக்கத்திலேயே நின்ற எனக்கும் அது ஞாபகம் வரவில்லை.

பல் அந்தக் கட்டோடு போயிருக்க வேண்டும் என்று கட்டிங் கடைக்கு ஓடினோம். பின்பக்கத்து அறையில், அங்கேயே தைக்கிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பீஸ்களைச் சரிபார்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வாயை மூடியபடியே விஷயத்தைச் சொல்ல, செட்டியார்பட்டியிலிருந்து வேலைக்கு வருகிற அக்கா ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"யக்கா, நல்லவேள சொன்னிய! எந்தப் புண்ணியவதியாவது நைட்டிக்குள்ள பல்லப் பாத்தா பேய்னுல்ல பயந்து செத்துருப்பா!"

எல்லோருமாகச் சேர்ந்து கட்டைப் பிரித்து உதறினார்கள். தரையில் ஒன்றும் விழவில்லை. கடைசியில் அந்த அக்காதான் பாக்கெட்டுக்குள் ஒவ்வொன்றாகக் கைவிட்டாள். ஊதாப்பூப் போட்ட ஒரு எக்ஸ்எல் நைட்டியின் பாக்கெட்டுக்குள் அரிசி மாதிரி கிடந்தது அம்மாவின் டெம்பரரிப் பல். அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அவள் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அப்போதுதான் நான் பார்த்தேன்.

அத்தனை வாயிலும் அதே இடம். மேல்வரிசை முன்பல்லின் நுனியில் ரம்பம் வைத்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு. செட்டியார்பட்டி அக்காவுக்கு அது பாதிப் பல் வரை ஏறியிருந்தது. ஓரத்தில் இருந்த ஒருத்திக்கு அந்தப் பல்லே இல்லை. யாரும் அதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய ஒன்றாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, எல்லாருக்கும் ஒரே பல்லு தேஞ்சிருக்கு, பாத்தியளா?"

"அதுக்கு?" என்றார் மூக்கால். அம்மா செய்து காட்டுவதில் இம்மியும் மிகையில்லை.

"உங்க நூலை அறுத்துத்தான் தேஞ்சிருக்கு. இப்ப ஒரு பல்லு என்ன விலை தெரியுமா?"

"பல்ல வச்சு அறுக்கச் சொன்னது ஆரும்மா? கத்தரி வாங்கி வச்சுக்கிட வேண்டியதுதான?"

"பிசிறு நின்னா நீங்கதான திருப்பி அனுப்புறிய?"

"பிசிறு நின்னா கடைக்காரன் எனக்குத் திருப்புவான். நான் என்ன அதப் பொங்கித் தின்னவா முடியும்?"

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "சும்மா வாட்டி, பொழப்பக் கெடுக்காத. வாரோம் அண்ணாச்சி, அவ படிச்ச பிள்ள, அப்படித்தான் பேசுவா." பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு என்னை இழுத்து வெளியே வந்தாள்.

அண்ணாச்சிக்கு மேலே ஒரு கடைக்காரர். டாக்டருக்கு மேலே ஒரு லேப். எல்லோருக்கும் மேலே யாரோ கூட்டிவிட்டார்கள், எல்லோருக்கும் விலை ஏறிவிட்டது. ஏறாதது பீஸ் கூலி ஒன்றுதான். ஊசி தேய்ந்தால் மாற்றுகிறார்கள், மெஷினுக்கு எண்ணெய் விடுகிறார்கள். பல் தேய்ந்தால் அது அவரவர் வீட்டு விஷயம். அப்புறம் ஒருவர் போனில் சொல்கிறார், அது அழகு சம்பந்தப்பட்டது மேடம் என்று!

டாக்டர் அந்தக் கேப்பைக் கழுவி, காசு வாங்காமல் மறுபடி ஒட்டிக் கொடுத்தார். எனக்குப் போனஸ் வந்ததும் அதிலிருந்து நிஜக் கேப் போட்டோம், ஐந்து வருட வாரண்டிக்காரன். அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி ஒன்றும் வாங்கினேன். நுனி வளைந்தது, துணியைக் கடிக்காது என்று கடைக்காரர் செய்தே காட்டினார். ஒரு நாடாவில் கோத்து மெஷினில் கட்டிவிட்டேன்.

அம்மா இப்போது வாய் மூடாமல் சிரிக்கிறாள். மூக்கால் பேசும் அண்ணாச்சியும் திரும்பி வந்துவிட்டார், "அதுக்கு?" என்ற புது வசனத்தோடு. அந்த மட்டில் எனக்கு வெற்றிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. கத்தரி நாடாவில் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா கடைசிப் பீஸின் ஓரத்தை முடித்து, நூலை வாய்க்குக் கொண்டுபோனாள். நான் பாய்ந்து எழுவதற்குள் அவளே நிறுத்தினாள். நூலை நகர்த்தி, கேப் போட்ட பல்லைத் தாண்டி, பக்கத்துப் பல்லில் வைத்து அறுத்தாள்.

"அம்மா!"

"என்னட்டி? அதான் அந்தப் பல்லத் தொடலியே." மடித்த நைட்டியைக் கட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டே சொன்னாள். "அது அம்புட்டுக் காசு குடுத்து வாங்குன பல்லு. இது சும்மா மொளச்சதுதான?"