காரே வராத பள்ளத்தாக்கு

யோசனை பிடித்தது ஒரு புகைப்படத்தில்.

டென்மார்க்கின் இக்காஸ்டில் நான் வேலை செய்யும் பின்னலாடைத் தொழிற்சாலையில் பத்து மணி இடைவேளை. எதிரே நீல்ஸ். பெட்டி கட்டும் பகுதியில் எங்களுக்கெல்லாம் மூத்தவர், கோடை விடுமுறை முடித்து அன்றுதான் வந்திருந்தார். கறுப்புப் பாண் ரொட்டித் துண்டில் மீனை அடுக்கிக்கொண்டே படத்தை என் பக்கம் தள்ளினார். இரண்டு புறமும் பனி மூடிய மலைகள். நடுவே, உயரத்தில், ஒரு பச்சைப் பள்ளத்தாக்கு. அதற்குள் நூல் போல ஒரு பாதை. பாதையில் ஒரு பொட்டு.

"அந்தப் பொட்டு நான்தான். மனைவி எடுத்தது. அந்தப் பள்ளத்தாக்குக்குள் கார் விடமாட்டார்கள். ஆறு நாள் சைக்கிள் ஓடினோம். ஒரு காரைக்கூடக் காணவில்லை!"

தேர் பார்த்துவிட்டு வந்தவர் போல அவர் முகம். எனக்குச் சிரிப்பு வந்தது. கார் இல்லாத ரோட்டைப் பார்க்க இத்தனை நாடு தாண்டிப் போவதா? போர் நடக்கும் எங்கள் ஊரில் பின்னேரம் ஆறு மணிக்கு மேல், ஊரடங்கில், அது இலவசமாயிற்றே!

சிரித்து முடித்து, பெட்டிக்கு டேப் ஒட்டும்போதுதான் பொறி தட்டியது. ஏன், நாமும் போனால் என்ன?

எனக்கு ஒரு யோசனை பிடித்தால் என்ன ஆகும் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். உறைந்த குளத்தில் கிரிக்கெட் ஆடப் போய் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டதை இங்கேதானே எழுதினேன்?

ஆனால் மலைக்குப் போக எல்லை தாண்ட வேண்டும். எல்லை தாண்டக் கையில் அகதிப் பயணப் புத்தகம் வேண்டும். அது இன்னும் ஏதோ ஓர் அலுவலக மேசையில் தூங்குகிறது. டென்மார்க்கோ தோசைக்கல். இங்கே மலைக்கு எங்கே போவது?

நீல்ஸ் விடவில்லை. "விபோர்க் பக்கம் போ. ஹால்ட் ஏரிக்கரையில் குன்றுகள் இருக்கின்றன, பள்ளத்தாக்கும் இருக்கிறது. பழைய மண்பாதை ஒன்று அதற்குள் போகும். அந்தக் காலத்தில் மாடுகளும் படைகளும் போன பாதை. இப்போது யாரும் போவதில்லை."

துணைக்கு யார்? அருளண்ணைதான்.

அருளண்ணை மன்னார்க்காரர். என்னைவிட ஆறு வயது மூப்பு. ஒரே வீட்டில் இருக்கிறோம். சமையல் அவர், கோப்பை கழுவுவது நான். டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து அவர் சைக்கிளைத் தொட்டதில்லை. வேலைக்கும் நடந்துதான் போவார், மழையிலும். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்று மாதம் நச்சரித்தேன். ஒருநாள் சலித்துப்போய், "சரியடா, வாறன். உன்ர வாயை மூடு" என்றார். நீல்ஸ் சொன்னதில் மாடுகளைப் பற்றி மட்டும் அவரிடம் சொன்னேன். படைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போன ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். அவருக்கு நான் இரவல் வாங்கிக் கொடுத்தது பாரமான ஒரு பழைய சைக்கிள்.

"தம்பி, இது சைக்கிளோ எருமையோ? பிரேக் எங்கையடா?"

"பின்னுக்கு மிதியுங்கோ அண்ணை. அதுதான் பிரேக்."

"முன்னுக்குப் போறதுக்கும் மிதி, நிக்கிறதுக்கும் மிதியோ? விசர் நாடு!"

ஆனால் பத்து நிமிடத்தில் அவர் என்னை முந்திவிட்டார். கையை விட்டு ஓடினார். விசிலடித்தார். அவர் விசிலடிப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஏரியை நெருங்கும்போது மூன்று மணி. தார் ரோடு முடிந்து மண்பாதை தொடங்கியது. அத்தோடு சத்தமும் முடிந்தது. காற்றில்லை. குருவியில்லை. நம் சங்கிலியின் சத்தம் நம் காதுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி ஓர் அமைதி. பாதை இறங்கத் தொடங்கிய இடத்தில் பள்ளத்தாக்கு இருந்தது. ஆனால் அதைக் காணவில்லை. ஏரியிலிருந்து எழுந்த பனிப்புகார் விளிம்பு வரை நிரம்பியிருந்தது, பானையில் பால் போல.

சரிவெங்கும் ஒரு வகை முட்புதர், எங்கள் பேச்சில் பத்தை. படர்வதில்லை, குத்தென்று நிற்கும். சரியாக ஓர் ஆள் உயரம். புகாருக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக...

"அங்க நிக்கிறது ஆர்?" அருளண்ணை சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"பத்தையண்ணை."

"அது?"

"அதுவும் பத்தைதான்."

"ஏன் இஞ்ச ஒரு சனத்தையும் காணேல்லை?"

"அதுக்குத்தானே வந்தனாங்கள்!"

அவர் சிரிக்கவில்லை. அப்போது சரிவில் யாரோ இருமினார்கள். நெஞ்சுச் சளியோடு, வயதான ஆள் இருமுகிற இருமல். புகார் கொஞ்சம் விலக... செம்மறி ஆடு! ஆடு மனிதரைப் போல இருமும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது.

"பாத்தீங்களே, ஆடு!" என்று கத்திவிட்டு நான் சைக்கிளை இறக்கத்தில் விட்டேன். விட்டேன் என்றால், விட்டேன்! கண் முன்னே பத்து முழம்தான் தெரிகிறது, சக்கரம் பறக்கிறது, எதிரே கார் வராது என்ற உறுதி. நீல்ஸின் சந்தோஷம் எனக்கு அப்போது புரிந்தது.

அடியில் போய் நின்று திரும்பிப் பார்த்தேன்.

அருளண்ணை இல்லை.

ஒரு நிமிடம் காத்திருந்தேன். சங்கிலிச் சத்தம் வரவில்லை. விசில் வரவில்லை. விழுந்துவிட்டாரோ? பக்கத்தில் ஏரி. பின்னுக்கு மிதிக்கும் பிரேக்கை மறந்திருந்தால்? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஓடினேன். மூச்சு வாங்கியது. வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"அருள்!"

எதிர்ச் சரிவு அதைத் திருப்பிச் சொன்னது. என் குரலில் அல்ல; கனத்த, யாரோ ஓர் ஆணின் குரலில்.

"அருள்! எங்க நிக்கிறீங்கள்?"

இருமல் மட்டும், இப்போது வேறு பக்கத்தில்.

பிறகுதான் சைக்கிள் கண்ணில் பட்டது. அது விழுந்து கிடக்கவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. ஒரு புதருக்குப் பின்னால் சத்தமில்லாமல் படுக்க வைத்த மாதிரி கிடந்தது. பின் விளக்கின் சிவப்புக் கண்ணாடி மேல் பிடுங்கிய செடி ஒரு கைப்பிடி. ஹாண்டில் பாரில் மணிக்கு மேல் அவருடைய கம்பளித் தொப்பி, இறுக்கிக் கட்டியிருந்தது.

ஒளித்து வைத்திருந்தார்.

நின்ற இடத்திலேயே நின்றேன். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு கணக்கு நினைவுக்கு வந்தது. ரோட்டில் ஒருவரும் இல்லையென்றால், எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று உனக்கு மட்டும் தெரியவில்லை. வெளிச்சத்தை மறை, மணியை அடக்கு, ரோட்டை விட்டு இறங்கு. பேசாதே.

அவர் இங்கேதான் எங்கோ இருக்கிறார். என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் கூப்பிடக் கூப்பிட அவர் இன்னும் உள்ளே போவார். வெளிச்சம் போக ஒரு மணி நேரம்கூட இல்லை. குளிர் எலும்பைத் தொடத் தொடங்கிவிட்டது. அவர் தொப்பியும் இங்கே கிடக்கிறது. என்ன சொல்லிக் கூப்பிட்டால் ஒளிந்திருக்கும் ஒரு மனிதர் வெளியே வருவார்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் நடுப்பாதையிலேயே குந்திவிட்டேன். காலையில் அவர் கட்டித் தந்த சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்துப் பிரித்தேன். பாண், மாசிச் சம்பல். ஒரு வாய் வைத்தேன். பயமும் கோபமும் சேர்ந்து எனக்கு ஒரு கத்தல் வந்தது.

"உப்பே இல்லை! இதென்ன சம்பல்? ஒரு கல் உப்புக்கூட இல்லை!"

"போட்டனானடா!"

சத்தம் வந்தது என் இடது தோளுக்கு நேரே. மூன்று முழத்தில் நின்ற புதர் இரண்டானது. ஒரு பாதி புதராகவே நின்றது. மறு பாதி அருளண்ணை.

சாவுக்கு அஞ்சி ஒளிந்திருப்பவன்கூடத் தன் சமையலைப் பழித்தால் எழுந்து வருவான். இந்த வாரம் நான் கற்றுக்கொண்ட பெரிய உண்மை இதுதான்.

அவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. தொப்பியைப் போட்டுவிட்டேன். பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைக் குடிக்க வைத்தேன். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நீ ஒருநாளும் என்னை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை."

ஓம், உண்மைதான். அண்ணையை விட்டுவிட்டேன். மேட்டில் ஓடிய மூச்சில் அந்த ஒரு சொல் விழுந்து போயிற்று. எங்கள் ஆட்களில் இளையவன் ஒருவன், தலை போனாலும், மூத்தவரை வெறும் பெயரால் கூப்பிடுவதில்லை. அப்படிக் கூப்பிடுகிறவர்கள் யார்? கையில் பட்டியலோடு ஆள் பிடிக்க வருகிறவர்கள்.

"எங்கட பக்கம் உடை மர முள்ளுக் காடு. இப்பிடித்தான், ஆள் உயரம். நானும் எங்கட அண்ணையும் சைக்கிள்ல வாறம். ரோட்டில ஒரு குஞ்சு குருவி இல்லை. நான் ஒண்டுக்கு இருக்கக் காட்டுக்குள்ள இறங்கினன். ஆரோ அண்ணையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கள். தெரிஞ்ச ஆக்கள் எண்டு நினைச்சு, ஓம் எண்டார்."

பிளாஸ்க் மூடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அவ்வளவுதான். ஓம் எண்டது மட்டும்தான் எனக்குக் கேட்டது. பிறகு அவரைக் காணேல்லை. இண்டைக்கு வரைக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். இருட்டும் முன்பு தார் ரோட்டில் ஏற வேண்டும் என்று சைக்கிள்களைத் தூக்கினோம். மேட்டில் தள்ளிக்கொண்டு போகும்போது, சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"முதல் ரெண்டு தரம் நீ. விளங்குது. மூண்டாம் தரம் ஏன் அப்பிடிக் கூப்பிட்டனி?"

"நான் ரெண்டு தரம்தானண்ணை கூப்பிட்டனான்."

"இல்லை. நீ குந்தினதுக்குப் பிறகு. சின்னவன் எண்டு."

"சின்னவனோ?"

"எங்கட வீட்டில அண்ணை மட்டும்தான் என்னை அப்பிடிக் கூப்பிடுறவர். உனக்கு எப்பிடித் தெரியும்? பதில் சொல்ல வாயைத் திறந்தன். அதுக்குள்ள நீ உப்பு உப்பெண்டு கத்தத் தொடங்கீட்டாய்."

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. அந்த நிமிடம் வரை தெரியாது.

நான் விஞ்ஞானம் படித்தவன். எதிரொலி என்றேன். ஆட்டின் இருமல் என்றேன். குளிரில் காது அடைத்தால் இப்படித்தான் என்றேன். அருளண்ணை எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். தார் ரோட்டில் முதல் கார் மஞ்சள் வெளிச்சத்தோடு எங்களைக் கடந்தது. வாழ்நாளில் ஒரு காரைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

திங்கட்கிழமை இடைவேளையில் நீல்ஸ் கேட்டார், "எப்படி, ஒரு காராவது வந்ததா?" "இல்லை" என்றேன். "பார்த்தாயா!" என்று என் தோளில் தட்டினார். அவருக்கு அது விடுமுறை. அதில் அவர் பிழை என்ன இருக்கிறது?

இனி அருளண்ணை சைக்கிளைத் தொடவே மாட்டார் என்று நினைத்தேன். இரவல் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். வாசலில் மறித்தார்.

"நிக்கட்டும். வாற ஞாயிறு திரும்பப் போவம்."

"எங்க?"

"அங்கதான். அதே நேரத்துக்கு. நீ மேட்டில நில். வாயைத் திறக்காதை. நான் கீழ இறங்கிக் கூப்பிடப் போறன்."

"ஆரை அண்ணை?"

அவர் பின் சக்கரத்துக்குக் காற்றடிக்கத் தொடங்கினார்.

சரி, போகிறோம். ஞாயிறும் புகார் என்று வானொலி சொல்கிறது. கூப்பிடப் போவது யாரை என்று எனக்குத் தெரியும். பதில் வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் நாங்கள் இருவரும் இன்னும் கதைக்கவில்லை.